இளஞ்சிவப்பு வந்தவுடன் நம்பிவிடாதீர்கள்: ஒளிரும் உலோக உணரி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி வருகிற பிள்ளைகளில் பலர் ஒரே வாக்கியத்தோடு வருகிறார்கள்: “எண்ணூர் தண்ணீரில் பாதரசம் இருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும், சார்.” ஆசை நியாயமானது. தொழிற்சாலைகள் சூழ்ந்த வடசென்னையில், தண்டையார்பேட்டையிலும் மணலியிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரின் மேல் சந்தேகம் கூடவே பிறந்தது. ஆனால் எண்ணூர்த் தண்ணீர், பாதரசம், கண்டுபிடிப்பது ஆகிய மூன்றும் கடைசியில் வர வேண்டியவை. அவற்றை முதலில் எடுத்தவர்கள் ஆறு மாதத்தை வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன். வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

எந்த வரிசையில் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வீட்டு மேசையில் தொடங்கலாம்.

டார்ச், டானிக் வாட்டர், உப்பு

365 நானோமீட்டர் என்று எழுதியிருக்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். 395 என்று எழுதியது மலிவாகக் கிடைக்கும். அதில் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைக்கும், மங்கலான ஒளிர்வு அதற்குள் மறைந்துபோகும். எதுவானாலும் கண்ணில் நேராக அடிக்காதீர்கள்.

அடுத்து ஒரு பாட்டில் டானிக் வாட்டர். அதில் கசப்புக்காகச் சேர்க்கும் குயினைன், ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கொடுத்த அதே மருந்து, புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். ஜான் ஹெர்ஷல் 1845இல் இந்த நீலத்தைக் கவனித்து எழுதினார். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் காரணத்தை விளக்கி, ஃப்ளோரசன்ஸ் என்ற பெயரையும் வைத்தார். நாம் இங்கே ஒளிர்வு என்றே சொல்லிக்கொள்வோம்.

மூன்று கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு டானிக் வாட்டர் ஊற்றுங்கள். முதலாவது சும்மா இருக்கட்டும். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி உப்பு. பொங்கி நுரைத்து அடங்கும் வரை பொறுத்திருந்து, கரையக் கலக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அடியுங்கள். சர்க்கரை டம்ளர் முதல் டம்ளரைப் போலவே நீலமாக இருக்கும். உப்பு டம்ளர் பார்த்தவுடன் தெரியும் அளவுக்கு மங்கியிருக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அயனி குயினைனின் ஒளியை அணைக்கிறது.

இன்னும் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் காசிமேட்டுக் கடல் நீரையும் மற்றொன்றில் அதே அளவு குழாய் நீரையும் டானிக் வாட்டரோடு கலந்து பாருங்கள். கடல் நீர் டம்ளர்தான் அதிகம் மங்கும். பாதரசமா, ஈயமா என்று மனம் ஓடும். ஒன்றும் இல்லை. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருக்கிறது, அவ்வளவுதான். இந்தச் சோதனையைச் செய்து பார்க்காதவர்களை நான் ஆய்வகத்துக்குள் விடுவதில்லை. செய்த பிறகு அந்த டம்ளர்களைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள். சர்க்கரை போட்டது நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் பழக்கம் பழக்கம்தான்.

உணரி எப்படி வேலை செய்கிறது

ஒளிரும் மூலக்கூறு ஒரு அலைநீளத்தில் ஒளியை விழுங்குகிறது. விழுங்கிய ஆற்றலில் கொஞ்சத்தை வெப்பமாக உதிர்த்துவிட்டு, மிச்சத்தைச் சில நானோநொடிகளில் இன்னும் நீண்ட அலைநீளத்தில் உமிழ்கிறது. உணரி என்றால் அந்த ஒளிரும் தலையோடு, அயனியைப் பிடிக்கும் கை ஒன்றும், இரண்டையும் சேர்க்கும் கழுத்து ஒன்றும் இருக்கும். இந்த மூன்று உறுப்பு அமைப்பைத் தெளிவாக்கி வளர்த்தவர்களில் முக்கியமானவர், இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ. பிரசன்ன டி சில்வா.

கையில் பெரும்பாலும் நைட்ரஜன் இருக்கும். அதன் தனி எலக்ட்ரான் ஜோடி சும்மா இருக்காது. தலை ஒளியை விழுங்கியவுடன், அங்கே காலியான இடத்துக்கு எலக்ட்ரான் தாவி, ஒளி வெளியே வரும் முன்பே அணைத்துவிடும். குத்துவிளக்கை ஏற்ற ஏற்ற ஊதி அணைக்கும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். உலோக அயனி என்பது அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகும் அத்தை. எலக்ட்ரான் ஜோடி உலோகத்தின் பிடியில் மாட்டியதும் விளக்கு நின்று எரிகிறது. ஒளிரச் செய்ய வேறு வழிகளும் உண்டு, ஆனால் புதியவருக்கு இந்தப் படம் ஒன்று போதும்.

எல்லா உலோகமும் அத்தை அல்ல. செம்பும் இரும்பும் இணையில்லாத எலக்ட்ரான்களால் ஒளியைத் தாங்களே அணைக்கும். பாதரசமும் ஈயமும் கனத்த அணுக்கள் என்பதாலேயே அணைக்கும். அதனால் உலோகம் வந்தால் அணையும் உணரிகளைச் செய்வது சுலபம், நம்புவது கடினம். வீட்டில் விளக்கு அணைந்தால் பல்ப் போனதா, ஃபியூஸ் போனதா, தெருவுக்கே மின்சாரம் போனதா என்று பார்த்தவுடன் தெரியாதல்லவா? முடிந்தவரை, உலோகம் வந்தால் எரியும் உணரியையே எடுங்கள்.

எந்தக் கை எந்த உலோகத்தைப் பிடிக்கும் என்பதற்கு ரால்ஃப் பியர்சன் 1963இல் சொன்ன கடினம், மென்மை என்ற பாகுபாடு இன்றும் கைகொடுக்கிறது. அலுமினியமும் மூன்று மின்னூட்டக் குரோமியமும் கடினமானவை, ஆக்சிஜனைத் தேடும். பாதரசம் மென்மையானது, கந்தகத்தை விடாது. சித்த மருந்துக் கடையில் இலிங்கம் என்று கேட்டால் வருவது பாதரசமும் கந்தகமும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் தாதுதான். செம்பும் ஈயமும் நடுவில் இருப்பவை. நைட்ரஜனோடு செம்புக்குத் தனிப் பிரியம்.

வெங்காயச் சருகு

முதல் வேதியியல் உணரி என்று பலர் குறிப்பிடுவது 1867இல் ஃபிரீட்ரிக் கோப்பெல்ஸ்ரோடர் செய்தது. மோரின் என்ற தாவரச் சாயம் அலுமினியத்தோடு சேர்ந்தால் பளிச்சென்று ஒளிரும் என்பதைக் கொண்டு அவர் அலுமினியத்தை அளந்தார். மோரினின் நெருங்கிய உறவுக்காரரான குவெர்செட்டின் நம் வீட்டு வெங்காயத்தின் உலர்ந்த தோலில் இருக்கிறது.

ஒரு கைப்பிடி சருகைப் பொடியாகக் கிள்ளி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். அருகே அடுப்பு எரியக் கூடாது. வடித்த சாற்றை வடிகட்டும் தாளில் இரண்டு பொட்டாக வைத்து உலர விடுங்கள். ஒரு பொட்டின் மேல் படிகாரம் கரைத்த நீர் ஒரு துளி, மற்றொன்றின் மேல் வெறும் நீர் ஒரு துளி. உலர்ந்ததும் டார்ச்சில் பாருங்கள். படிகாரம் பட்ட இடம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியத்தின் வேலை அது. வெறும் நீர்ப் பொட்டை வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இனி நீங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனையிலும் இப்படி ஒரு வெற்றுப் பொட்டு இருக்க வேண்டும்.

முதல் உலோகமாகச் செம்பு

பாதரசத்தில் ஆரம்பிக்காதீர்கள். உப்பே நஞ்சு, கழிவே தலைவலி, தேட வேண்டிய அளவோ மிகச் சிறியது. செம்புக்குத் தெளிவான, பழகிய உணரி ஒன்று இருக்கிறது: ரோடமைன் பி ஹைட்ரசைடு. 1997இல் டுஜோல்ஸ், ஃபோர்டு, ஸார்னிக் ஆகிய மூவர் வெளியிட்டது. ரோடமைன் பி என்றால் தமிழ்நாட்டில் அறிமுகம் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வரக் காரணமாக இருந்த அதே சாயம்.

ரோடமைனோடு ஹைட்ரசீனைச் சேர்த்தால் மூலக்கூறு உள்ளுக்குள்ளேயே ஒரு வளையத்தை மூடிக்கொள்கிறது. மூடியதும் நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. செம்பு வந்து அதைப் பிடித்தால் வளையம் திறக்கிறது, பிறகு நீர் அந்தப் பிணைப்பை அறுத்து, பழைய ரோடமைன் பி ஆகவே திரும்பிவிடுகிறது. கரைசல் இளஞ்சிவப்பாகிறது, ஆரஞ்சாக ஒளிர்கிறது. ஒருமுறை திறந்தால் மறுபடி மூடாது. அதாவது இது அளவுமானி இல்லை, தீக்குச்சி. ஒருமுறைதான் பற்றும்.

பொருள்கள் வாங்கப் பாரிமுனை போனால் போதும். நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் ரசாயனக் கடைகள் இருக்கின்றன. செம்பு சல்பேட்டை மயில்துத்தம் என்று கேட்டால் தோட்டத்துக்குத் தெளிக்கும் தரத்தில் கொடுத்துவிடுவார்கள். பகுப்பாய்வுத் தரம், லேபிளில் ஏ.ஆர். என்று போட்டது, அதைக் கேட்டு வாங்குங்கள். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இந்த வேலைக்கு ஆகாது. மிகத் தூய நீர் தரும் இயந்திரம் இருக்கும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்முறை எளிது, ஆபத்தும் உண்டு. ஹைட்ரசீன் ஹைட்ரேட் நஞ்சு, புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று கருதப்படுவது. வழிகாட்டி ஆசிரியர் கூட இல்லாமல், நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. 1.2 கிராம் ரோடமைன் பியை 30 மில்லி எத்தனாலில் கரைத்து, அறை வெப்பத்தில் நன்றாகக் கலக்கிக்கொண்டே 3 மில்லி ஹைட்ரசீன் ஹைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, குளிர்விப்பானை மாட்டி இரண்டு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். ஆழ்ந்த ஊதா மெல்ல வெளுத்து, வெளிர் ஆரஞ்சாகத் தெளியும். முதல்முறை பார்க்கும்போது ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று தோன்றும். கெடவில்லை, வளையம் மூடுகிறது. ஆறிய பின் எத்தனாலை ஆவியாக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் சிவக்கும். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் துளித்துளியாக விட்டு பி.எச். 9, 10 வரை கொண்டுபோனால் வெளிர் இளஞ்சிவப்பு வீழ்படிவு இறங்கும். வடிகட்டி, நீரில் கழுவி, உலர்த்துங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? அமிலம் ஊற்றியதும் சிவந்தது. செம்பு எதுவும் அங்கே இல்லை. இதை நினைவில் வையுங்கள், எண்ணூரில் தேவைப்படும்.

இலைகளை வேகவைத்து எடுக்கும் கார்பன் புள்ளிகள், அதாவது ஒளிரும் நுண் கார்பன் துகள்கள், பற்றியும் கேட்பீர்கள். எலுமிச்சை, வேப்பிலை, கொத்தமல்லி என்று சமையலறையில் இருப்பதையெல்லாம் அழுத்தக் கலத்தில் 180 டிகிரியில் வேகவைத்து, நீலமாக ஒளிர்கிறது, ஃபெரிக் இரும்பு போட்டால் அணைகிறது என்று எழுதுகிறார்கள். ஃபெரிக் கரைசல் தானே மஞ்சள். புற ஊதா ஒளியைப் புள்ளிகளுக்குப் போகவிடாமல் தானே குடித்துவிடும். அறைக்குத் திரை போட்டுவிட்டு விளக்கு அணைந்தது என்று சொல்வதுபோல. பார்க்க அழகான வேலைதான், உணரி என்று சொல்லும் முன் அந்தத் திரையைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

கருவியின் முன்

உணரியில் 4.6 மில்லிகிராம் எடுத்து 10 மில்லி அசிட்டோநைட்ரைலில் கரைத்தால் ஒரு மில்லிமோலார் இருப்புக் கரைசல். மயில்துத்தம் 0.250 கிராமை 100 மில்லி நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதைப் பத்து மடங்கு நீர்த்து ஒரு மில்லிமோலார் ஆக்கிக்கொள்ளுங்கள். குவெட்டில், அதாவது ஒளிர்வை அளக்கும் கருவிக்குள் வைக்கும் சிறு கலத்தில், 3 மில்லி பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்), பி.எச். 7. ஹெப்பஸ் பஃபர் நல்லது. பாஸ்பேட் பஃபரைச் செம்புக்குப் பொறுத்துக்கொண்டாலும், பின்னால் ஈயத்துக்குப் போகும்போது அது ஈயத்தை வீழ்படிவாக இறக்கிவிடும். அதில் 30 மைக்ரோலிட்டர் உணரி விட்டால் 10 மைக்ரோமோலார். பிறகு செம்புக் கரைசல் ஒவ்வொரு 3 மைக்ரோலிட்டருக்கும் ஒரு மைக்ரோமோலார் கூடும்.

செம்பு சேர்த்தவுடன் ஒளி முழுவதும் வந்துவிடாது. நடப்பது வினை, நேரம் பிடிக்கும். முதல் நாள் வேறு எதுவும் செய்யாமல், ஒரே குவெட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒளியை அளந்து, எப்போது நிலைக்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தை எழுதிவைத்து, எல்லாக் குவெட்டுக்கும் அதே நேரம் கொடுங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம், அடுத்ததற்கு டீ குடித்துவிட்டு வந்து இருபது நிமிடம் என்றால் வரும் கோடு உங்கள் டீக்கடையின் வரைபடம்.

தூண்டும் அலைநீளம் 520 நானோமீட்டர் பக்கம், உமிழ்வு 580 பக்கம். இது பச்சை ஒளியில் தூண்டப்பட்டு ஆரஞ்சில் உமிழ்வதால் இன்னொரு லாபமும் உண்டு, அதை எண்ணூர்ப் பகுதியில் சொல்கிறேன். புதியவர்கள் விழும் குழி ஒன்று: நீரே ஒரு சிறு கூம்பைக் காட்டும். ராமன் சிதறல். 350இல் தூண்டினால் 397 பக்கம் வரும். சர் சி. வி. ராமனின் பெயர் தாங்கிய கூம்பைத் தன் உணரியின் உமிழ்வு என்று எழுதிக் கொண்டுவந்த மாணவர் எனக்கு உண்டு. சந்தேகம் வந்தால் தூண்டும் அலைநீளத்தை 10 நானோமீட்டர் நகர்த்துங்கள். கூடவே நகர்ந்து வரும் கூம்பு உங்கள் மூலக்கூறுடையது அல்ல.

செம்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் போதாது. துத்தநாகம், இரும்பு, நிக்கல், கோபால்ட், காட்மியம், ஈயம், பாதரசம், கால்சியம், மக்னீசியம், சோடியம் ஒவ்வொன்றையும் தனியாகவும், பிறகு செம்போடு சேர்த்தும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். ஆற்றில் உலோகங்கள் ஒன்றொன்றாக வரிசையில் வருவதில்லை. பிணைப்பு மாறிலி, எத்தனைக்கு எத்தனை சேர்கிறது என்று காட்டும் ஜாப் வரைபடம் எல்லாவற்றையும் ஆய்வேட்டில் ஒட்ட வேண்டும் என்று நிர்ப்பந்தம் வரும். திரும்பாத வினைக்குச் சமநிலை மாறிலி கணக்கிடுவது அர்த்தமற்றது. உங்கள் ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு பெருக்கல் கணக்கு

உலோகம் போடாத வெற்றுக் கரைசலைப் பத்து முறை அளந்து, அளவீடுகளின் திட்ட விலக்கத்தை எடுங்கள். அதை மூன்றால் பெருக்கி, செம்பின் அளவுக்கு எதிராக ஒளியை வரைந்த கோட்டின் சாய்வால் வகுத்தால் கண்டறியும் எல்லை, அதாவது உணரி காணக்கூடிய மிகக் குறைந்த அளவு. விலக்கம் 0.4, சாய்வு மைக்ரோமோலாருக்கு 2.5 என்று வையுங்கள். 1.2ஐ 2.5ஆல் வகுத்தால் 0.48 மைக்ரோமோலார்.

பெரும்பாலானவர்கள் இங்கே பேனாவை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், கிராமுக்கு மாற்றுங்கள். செம்பின் அணு எடை 63.5. 0.48 மைக்ரோமோலார் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, செம்புக்கு ஏற்கத்தக்க எல்லையாக லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம் வைத்திருக்கிறது. தேறிவிட்டீர்கள்.

இதே 0.48 ஈயத்துக்கு வந்திருந்தால்? ஈயம் 207 எடை. லிட்டருக்கு 99 மைக்ரோகிராம். அனுமதி 10 மைக்ரோகிராம்தான். எல்லையைப் போல ஒன்பது மடங்கு ஈயம் உள்ள தண்ணீரைக் கூட உங்கள் உணரி தூய்மை என்று சொல்லி அனுப்பிவிடும். பாதரசத்துக்கு அனுமதி 1 மைக்ரோகிராம், அதாவது 5 நானோமோலார். அதற்கு 0.48 மைக்ரோமோலார் என்பது தொண்ணூறு மடங்குக்கும் மேல். ‘மிக நுண்ணிய உணர்திறன்’ என்ற சொல்லைத் தலைப்பில் போடும் முன் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். பாதரசத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம்.

எண்ணூர்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர் என்று வரும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் பக்கத்தில்தான். போகும் முன் இரவே பாட்டில்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் அலசி வையுங்கள். செம்பு, ஈயம், காட்மியத்துக்குப் பிளாஸ்டிக் பாட்டில். பாதரசத்துக்கு மட்டும் போரோசிலிக்கேட் கண்ணாடி. பாட்டிலின் மேல் தாள் ஒட்டிப் பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் எழுத்து கை ஈரத்திலேயே அழிந்துவிடும்.

கூடுதலாக ஒரு பாட்டிலில் ஆய்வகத் தூய நீரையே கொண்டுபோங்கள். ஆற்றோரம் மற்ற பாட்டில்களைத் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் அதையும் திறந்து வையுங்கள். காற்றில் சாம்பல் பறக்கும் இடம் அது. வெள்ளைச் சட்டையோடு ஒரு மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். அந்தச் சாம்பல் பாட்டிலுக்குள் விழுந்ததா என்று இந்த வெற்று மாதிரிதான் சொல்லும்.

ஓதம் ஏறும்போது அங்கே இருப்பது கடல் நீர். இறங்கும்போது ஆற்று நீர். நேரத்தையும் ஓதத்தையும் எழுதாத மாதிரிக்கு மதிப்பில்லை. வலை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் அட்டவணையைவிடச் சரியாகச் சொல்வார்கள். மேற்பரப்பில் மிதப்பதை விலக்கி, முழங்கை ஆழத்தில், நீரோட்டத்தை எதிர்த்துப் பாட்டிலின் வாயைப் பிடித்து, அந்த நீரிலேயே மூன்று முறை அலசி நிரப்புங்கள். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகுதான் அமிலம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மிதக்கும் சாம்பலில் உள்ள உலோகத்தையும் அமிலம் கரைத்து எடுத்துவிடும்.

என் கதைக்கு வருகிறேன். முதல் வருடம் ஆறு பாட்டில் எடுத்து வந்தேன். புத்தகத்தில் சொன்னபடி வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவந்து பாதுகாத்தேன். மறுநாள் நேராக உணரியோடு கலந்தேன். ஆறும் இளஞ்சிவப்பு. டார்ச் அடித்தால் ஆரஞ்சு ஒளி சுவரில் விழுகிறது. கை நடுங்க ஆசிரியரிடம் ஓடினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. “ஏம்பா, வெற்று மாதிரியையும் ஊற்றிப் பார்த்தாயா?” என்றார். பார்த்தேன். அதுவும் இளஞ்சிவப்பு. எல்லாம் நான் ஊற்றிய அமிலத்தின் வேலை. வளையத்தைச் செம்பும் திறக்கும், அமிலமும் திறக்கும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றிகளும் சில ரோடமைன் உணரிகளைத் திறந்துவிடும்.

ஆகவே அமிலமிட்ட மாதிரியைக் காரம் விட்டு பி.எச். 7க்குக் கொண்டுவந்து, பஃபரில் கலந்து, அதன் பிறகே உணரி. வெற்று மாதிரியும் அதே அமிலம், அதே காரம், அதே பஃபர் வழியாக வர வேண்டும்.

பக்கிங்காம் கால்வாய் நீரை எடுத்தவர்கள் டார்ச் அடித்தவுடன் நீலம் தெரிகிறது என்று மகிழ்வார்கள். சலவைத் தூளில் சேர்க்கும் வெண்மையூட்டிகள் நீலமாக ஒளிரும், அழுகிய தாவரப் பொருளும் நீலத்தில்தான் ஒளிரும். வெளுத்த வேட்டியில் அடித்துப் பார்த்தால் அதே நீலம் தெரியும். நீலத்தில் உமிழும் உணரி இந்த ஊர்த் தண்ணீரில் தொலைந்துபோகும். ஆரஞ்சில் உமிழும் ரோடமைனை எடுக்கச் சொன்ன லாபம் இதுதான்.

அடுத்து உப்பு. டானிக் வாட்டர் டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். முகத்துவார நீரில் குளோரைடு பாதரசத்தைச் சூழ்ந்து பிடித்து வைத்திருக்கும். தூய பஃபரில் அழகாக வேலை செய்த பாதரச உணரி அங்கே வாயே திறக்காது. உங்கள் நேர்கோட்டை அந்த நீருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஒரே மாதிரியை நான்காகப் பிரியுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்காமல், மற்றவற்றில் 1, 2, 3 மைக்ரோமோலார் செம்பை நீங்களே சேருங்கள். சேர்த்தது முழுவதும் திரும்பக் காட்டினால் உணரி அந்த நீரில் வேலை செய்கிறது. பாதிதான் காட்டினால் நீரில் வேறு ஏதோ செம்பைப் பிடித்து வைக்கிறது. சேர்க்காத மாதிரிக்கான விடையை இந்தக் கோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கிடைத்த எண் எதுவானாலும், அதே பாட்டிலில் பாதியை அணு உறிஞ்சல் நிறமாலைக் கருவியோ ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியோ இருக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரண்டு எண்ணும் சேர்ந்தால்தான் ஆய்வேட்டில் இடம்.

கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சுத்திகரிப்பு நிலையம் உலோகத்தை அழிப்பதில்லை, கொஞ்சத்தைச் சேற்றுக்கு மாற்றும், மிச்சத்தைக் கால்வாய்க்கு விடும். நீங்கள் அடுத்த மாதம் மாதிரி எடுப்பது அந்தக் கால்வாயில்தான். உலோகக் கழிவுக்கு ஒரு பாட்டில், பாதரசத்துக்குத் தனிப் பாட்டில், பெயர் எழுதி மூடி வையுங்கள்.

கரையில் கேட்கும் கேள்வி

பாட்டிலோடு ஆற்றோரம் நின்றால் யாராவது வந்து கேட்பார்கள். என்னிடம் கேட்டவர் முட்டளவு சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மா. “தம்பி, தண்ணீரில் என்ன பார்க்கிறாய்?”

சொன்னேன்.

“அது கிடக்கட்டும். இந்த இறாலைத் தின்னலாமா, வேண்டாமா? அதைச் சொல்.”

என் உணரியிடம் அதற்குப் பதில் இல்லை. அது நீரில் பிணைப்பில்லாமல் அலையும் செம்பு அயனியை மட்டும் பார்க்கிறது. சேற்றில் கந்தகத்தோடு ஒட்டியிருப்பது, மட்கிய பொருளின் பிடியில் இருப்பது, உயிரின் தசைக்குள் போனது எதையும் அது காணாது. மீனில் சேரும் பாதரசமோ பெரும்பாலும் மெத்தில் பாதரசம், நாம் குவெட்டில் விடும் பாதரச உப்பு அல்ல. “நான் பார்ப்பது தண்ணீரை மட்டும்தான், அம்மா. இறாலைத் தனியாகக் கரைத்து வேறு இயந்திரத்தில் பார்க்க வேண்டும்” என்றேன்.

இடுப்புக் கூடையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து நீட்டினார். “அப்படியென்றால் இதைக் கொண்டுபோய்ப் பார்.”

பையில் துண்டுச் செய்தித்தாள் மட்டும்தான் இருந்தது. அதில் சுற்றினால் மையில் இருப்பதும் சேர்ந்துவிடும். அன்று வெறும் கையில் ஏந்திக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தேன், அந்த மாதிரி எதற்கும் உதவவில்லை. நீங்கள் போகும்போது புதிய ஜிப் உறைகள் பத்தும் தெர்மகோல் பெட்டியில் ஐஸும் கொண்டுபோங்கள். எடுத்த இடம், நேரம், இறாலின் நீளம் ஆகியவற்றை எழுதி உறையில் ஒட்டி, அன்றே உறையவைத்து, எந்த ஆய்வகம் நைட்ரிக் அமிலத்தில் செரித்து அளக்கிறதோ அங்கே அனுப்புங்கள். முடிவு வந்ததும் அதே ரயிலில் போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.